டிரிப்பா, சுவரா, துடைப்பமா? முடுக்கியைக் காப்பாற்ற எதில் பணம் போடுவது

"மாமா, டிரிப் சிஸ்டம் என்றால் உங்களுக்குத்தானே தெரியும், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அக்கா மகள் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். சிங்கப்பூர், கிளமெண்டியில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடை. எனக்குக் கோப்பி ஓ கோசோங், அவளுக்குத் தே பெங். அவள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், அதாவது என்யூஎஸ்ஸில், இயற்பியல் படிக்கிறாள். நான் ஜூரோங் தீவில் ஆலைக் கருவிகளோடு, ஆபத்து தெரிந்ததும் தானாக நிறுத்தும் டிரிப் சிஸ்டங்களோடு, 28 வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். துகள் முடுக்கிக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம் என்று தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். தாளைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கணக்கு இதுதான். சுமார் 3 கி.மீ. சுற்றளவுள்ள எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதல் வளையம் ஒன்று இருக்கிறது. எலக்ட்ரான்களையும் அவற்றின் நேர்மின் இரட்டையான பாசிட்ரான்களையும் மெல்லிய கற்றைகளாக எதிரெதிரே ஓடவிட்டு மோதவைக்கும் முடுக்கி அது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிகுறியும் இல்லாமல், ஒன்றிரண்டு சுற்றுக்குள் கற்றையில் பெரும்பங்கு காணாமல் போகிறது. காணாமல் போவது என்றால் ஆவியாகிப் போவதில்லை, எங்கோ ஓர் உலோகத்தில் போய் இறங்குகிறது. இதைச் சமாளிக்க நான்கு வழிகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. பணம் இரண்டுக்குத்தான் இருக்கிறது. எந்த இரண்டைத் தேர்ந்தெடுப்பாய், ஏன்? கருத்தரங்கில் பத்து நிமிடம் அவள் வாதாட வேண்டும்.

வளையத்துக்குப் பெயர் போடவில்லையே தவிர, ஜப்பானில் சுகுபாவில் உள்ள சூப்பர் கேஇகேபி முடுக்கியை மனதில் வைத்துத்தான் கேள்வியை எழுதியிருக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. அதன் சுற்றளவு 3,016 மீட்டர். எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் 7 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலும், பாசிட்ரான்கள் எதிர்ப் பக்கம் 4 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஓடும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மைக்ரோவினாடி. திடீர்க் கற்றை இழப்பு என்ற பெயரே அங்கே புழக்கத்தில் உள்ளதுதான்.

ஆலையில் எங்களுக்குப் பழக்கப்பட்ட முதல் கேள்வி, கெட்டது நடந்தால் எவ்வளவு கெட்டது என்பது. அதிலிருந்தே ஆரம்பித்தோம்.

என்யூஎஸ் வளாகத்திலேயே ஓர் எலக்ட்ரான் வளையம் நிறுவப்பட்டது. ஹீலியோஸ் 2 என்று பெயர், ஆற்றல் 700 மெகா எலக்ட்ரான் வோல்ட், சுற்றளவு வெறும் 10.8 மீட்டர். இரண்டு 4.5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தங்கள் (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் இயங்குபவை) கற்றையை வளைக்கின்றன. ஒரு சுற்றுக்கு 36 நானோவினாடி. சில நூறு மில்லிஆம்பியர் ஓடும்போது அந்தக் கற்றையில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்று நாப்கினில் கணக்குப் போட்டோம். பத்து ஜூலுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு லிட்டர் பால் பாக்கெட்டைத் தரையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கிற உழைப்பு, அவ்வளவுதான். அந்தக் கற்றை திடீரென்று தொலைந்தால் ஆய்வாளர்களுக்கு எரிச்சல் வரும், மறுபடி நிரப்புவார்கள். அங்கே இந்த நான்கு வழிகளில் எதற்கும் பெரிதாகச் செலவு செய்யத் தேவையில்லை.

சூப்பர் கேஇகேபியின் பாசிட்ரான் கற்றையோ வடிவமைப்பு அளவான 3.6 ஆம்பியரில் ஓடினால் 144 கிலோஜூல். ஒரு டன் கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம். ஆனால் கார் மோதும் பரப்பு பெரியது. இதுவோ செங்குத்து அளவில் தலைமுடியைவிட மெல்லிய நூல். ஜெனிவாவில் உள்ள எல்எச்சி என்ற மாபெரும் புரோட்டான் மோதல் வளையம் இன்னும் ஒரு படி மேலே. வடிவமைப்பு அளவில் ஒவ்வொரு கற்றையிலும் 362 மெகாஜூல் இருக்கும், அரை டன் செம்பை உருக்கிவிடலாம். சொல் ஒன்றுதான், கற்றை இழப்பு. பால் பாக்கெட்டிலிருந்து அரை டன் செம்பு வரை அதே சொல்லால் குறிக்கிறோம். அதனால் "முடுக்கிப் பாதுகாப்புக்கு எது சிறந்த வழி" என்று பொதுவாகக் கேட்பதே தப்பான கேள்வி. எவ்வளவு ஆற்றல், அது எவ்வளவு நேரத்தில் வந்து இறங்கும் என்ற இரண்டையும் சொன்ன பிறகுதான் பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

என்னைக் கேட்டால், அதிலும் நேரம்தான் முக்கியம். இதை அவளிடம் மூன்று முறை சொன்னேன், மூன்றாவது முறை கண்ணை உருட்டினாள்.

டிரிப்: அவளுக்குப் பிடித்த வழி

முதல் வழி எனக்கு நெருக்கமானது. இழப்பு தொடங்கியதும் உணர்ந்து, கற்றையை வேண்டுமென்றே வெளியே தள்ளிப் பாதுகாப்பான இடத்தில் கொட்டிவிடுவது. வளையம் நெடுக இழப்பு உணர்விகள் இருக்கும். எல்எச்சியில் மட்டும் சுமார் 3,600 அயனியாக்க அறைகள், ஒவ்வொன்றும் அரை மீட்டர் நீளமுள்ள நைட்ரஜன் குழாய். கதிர்வீச்சு எல்லை மீறினால் அவற்றில் ஒன்றே ஒன்று போதும், இன்டர்லாக் எனும் பாதுகாப்புப் பூட்டுச் சுற்று வழியாகக் கட்டளை போய்விடும். 15 கிக்கர் காந்தங்கள் ஒன்றாக உதைத்துக் கற்றையைப் பக்கக் குழாய்க்குள் தள்ளும். அதை வேறு காந்தங்கள் விரித்துப் பரப்பும். கடைசியில் 8 மீட்டருக்குச் சற்றே குறைவான நீளமுள்ள கிராஃபைட் தூண் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். விரிக்காமல் ஒரே புள்ளியில் கொட்டினால் அந்தத் தூணே தாங்காது. 15 கிக்கரில் 14 வேலை செய்தாலும் போதும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

இதற்கு ஆகும் நேரத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். உணர்வி குறைந்தது 40 மைக்ரோவினாடி கூட்டிப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். கட்டளை கண்ணாடி இழையில் ஓட வேண்டும். கிக்கர் காந்தம் உடனே முழு வலிமைக்கு வராது, ஏறுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்காகவே கற்றையில் 3 மைக்ரோவினாடி இடைவெளி ஒன்றைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள், அந்த இடைவெளி வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் கற்றை முழுக்க வெளியேற இன்னொரு சுற்று. எல்எச்சியில் ஒரு சுற்றே 89 மைக்ரோவினாடி. எல்லாம் சேர்ந்தால் மோசமான நிலையில் மூன்று சுற்று, அதாவது 270 மைக்ரோவினாடியைத் தொடும்.

எல்எச்சிக்கு அது பெரும்பாலும் போதும். அங்கே அடிக்கடி வரும் தொல்லை தூசு. குழாய்க்குள் விழும் நுண்துகள்களுக்கு யூஎஃப்ஓ என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தூசு கற்றைக்குள் விழுந்து இழப்பு ஏறி இறங்க ஏறக்குறைய மில்லிவினாடி ஆகும். பத்துச் சுற்று அவகாசம் இருந்தால் மூன்று சுற்றில் வேலை செய்யும் டிரிப் ஜெயித்துவிடும்.

நம் கணக்கில் அந்த அவகாசம் இல்லை. சூப்பர் கேஇகேபியில் இழப்பு தொடங்கி ஓரிரு சுற்றில், 20, 30 மைக்ரோவினாடிக்குள் கதை முடிந்துவிடுகிறது. டிரிப்புக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகிறது. "எலெக்ட்ரானிக்ஸை வேகமாக்கலாம் மாமா" என்றாள். ஆக்கலாம். ஆனால் வளையத்தின் குறுக்களவே ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவினாடி எடுக்கும். எதிர்க் கோடியில் இழப்பைப் பார்த்து இந்தக் கோடிக்குச் சொல்வதற்குள் கற்றை அரைச் சுற்று ஓடிவிடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இந்த 5 மைக்ரோவினாடியைக் குறைக்க முடியாது.

குறைக்கக்கூடியவை வேறு சில உண்டு. காலி இடைவெளியை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் காத்திருக்கும் நேரம் பாதியாகும். இழப்பு முதலில் எங்கே தெரிகிறதோ அங்கேயே உணர்வியை வைத்து, நடுவில் எந்த அறைக்கும் போகாமல் கிக்கருக்கு நேராகக் கம்பி இழுக்கலாம். ஜப்பானில் இந்த மாதிரி வேலைகளைத்தான் ஒவ்வொன்றாகச் செய்து சில மைக்ரோவினாடிகளை மிச்சம் பிடித்தார்கள். மோதல்களைப் படம்பிடிக்கும் பெல் 2 கருவிக்குப் பக்கத்தில் பின்னணிக் கதிர்வீச்சைப் பார்க்க வைத்திருந்த வேகமான ஒளிமினுக்கு உணர்விகளையே டிரிப்புக்கும் பயன்படுத்தினார்கள். இதற்கு ஆகும் செலவும் குறைவு. பலன் பூரணமில்லை, ஆனாலும் உண்டு. மூன்று சுற்று அடி வாங்குவதற்குப் பதில் இரண்டு சுற்று வாங்கலாம்.

டிரிப்பை எங்கே வைப்பது, அதாவது எல்லையை எவ்வளவு தாழ்த்துவது என்பது தனித் தலைவலி. எங்கள் ஆலைகளில் ஒரே உணர்வியை நம்பி நிறுத்த மாட்டோம், மூன்று வைத்து இரண்டு சொன்னால்தான் நிறுத்துவோம். ஒரு பொய் டிரிப் என்றால் லட்சக்கணக்கான வெள்ளி நஷ்டம், அதைவிடவும் நிறுத்தித் தொடங்கும்போதுதான் விபத்து அதிகம். முடுக்கியில் நிலைமை வேறு. பொய் டிரிப்பால் போவது சில மணி நேரம். எல்எச்சியின் இன்டர்லாக்கில் இரண்டு தடங்கள் இருக்கின்றன, எந்த ஒன்று சொன்னாலும் கொட்டிவிடும். ஆனாலும் அங்கேயும் தூசு விஷயத்தில் எல்லையைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு தூசுக்கும் கற்றையைக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட, எப்போதாவது ஒரு காந்தம் சூடேறி மீக்கடத்துதிறனை இழந்தால் இழந்துவிட்டுப் போகட்டும் என்பது கணக்கு. காந்தம் அதைத் தாங்கும், சில மணி நேரத்தில் குளிர்ந்து திரும்பும். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பயத்தில் எல்லையைத் தாழ்த்துபவர்கள்தான் கடைசியில் தொந்தரவு தாங்காமல் பைபாஸ் போடுவார்கள், அதாவது டிரிப்பையே செயலிழக்க வைப்பார்கள்.

பைபாஸ் என்றதும் ஒரு பழைய கதை. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், பராமரிப்புக்காக ஓர் அழுத்த டிரிப்பைப் பைபாஸ் செய்து சாவியைத் திருப்பினார்கள். வேலை முடிந்தது, சாவியைத் திரும்பவும் பழைய இடத்துக்குக் கொண்டுவர யாருக்கும் நினைவில்லை. 11 நாள் அந்த டிரிப் இல்லாமலேயே ஓடியிருக்கிறோம். ஒன்றும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். எல்எச்சியில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? கற்றை பாதுகாப்பான அளவுக்குக் கீழே இருக்கும்போது மட்டும் சில இன்டர்லாக்குகளை மறைத்து வைக்கலாம். கற்றை அந்த அளவைத் தாண்டினால் மறைப்பு தானாகவே விலகிவிடும். யாரும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சின்னக் கற்றை ஒன்று வளையத்தில் ஒழுங்காகச் சுற்றுகிறது என்று உறுதியானால்தான் பெரிய கற்றைக்குக் கதவு திறக்கும். இதைப் படித்தபோது வந்த பொறாமையை மறைக்க மாட்டேன்.

சுவர்

இரண்டாம் வழி கொலிமேட்டர். கற்றையின் இருபுறமும் மில்லிமீட்டர் கணக்கில் நெருக்கி வைத்த தாடைகள். வழிதவறும் துகள் எதுவானாலும் முதலில் இதில்தான் மோத வேண்டும். உணர வேண்டியதில்லை, முடிவெடுக்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே அங்கே நிற்கிறது.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எம்ஆர்டி ரயிலில் நிலத்தடி நிலையங்களில் ஆரம்பத்திலிருந்தே தளமேடைக் கதவுகள் இருந்தன. தரைக்கு மேலே உள்ள நிலையங்களில் பல வருடம் கிடையாது, மஞ்சள் கோடும் அவசர நிறுத்தப் பொத்தானும்தான். ரயில் நுழையும் நொடியில் ஒருவர் விழுந்தால் பொத்தானை அழுத்தி என்ன பயன்? ரயில் நிற்கவும் தூரம் வேண்டுமே. 2009 முதல் 2012 வரை அங்கேயும் பாதி உயரக் கதவுகள் போட்டார்கள். பொத்தானை எடுத்துவிடவில்லை. பொத்தானால் முடியாத நேரத்துக்குக் கதவு.

டிரிப் சிஸ்டத்தையே காப்பாற்றுவதற்கும் சுவர் வேண்டியிருக்கிறது என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. எல்எச்சியில் கிக்கர் ஒன்று தானாகவே, இடைவெளி வராத நேரத்தில் உதைத்துவிட்டால்? மற்ற கிக்கர்களும் உடனே சேர்ந்து உதைக்கும்படி செய்திருக்கிறார்கள், ஆனால் ஏறும் நேரத்தில் கடந்துபோகும் கற்றைத் துணுக்குகள் வழியிலுள்ள காந்தங்களில் அடிக்கும். அதைத் தடுக்கப் பல மீட்டர் நீளத்துக்குக் கரிமத் தடுப்புகளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காவல்காரனுக்கே ஒரு காவல்.

சரி, சுவரின் குறை என்ன? அடி வாங்குவதே அதன் வேலை, அடி வாங்கினால் தேய்கிறது. அமெரிக்காவின் டெவட்ரான் முடுக்கியில் 2003 டிசம்பரில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஒரு கருவி தவறுதலாகக் கற்றையை நோக்கி நகர்ந்துவிட்டது, காந்தங்கள் மீக்கடத்துதிறனை இழந்தன, கற்றை விலகியது. டங்ஸ்டன் கொலிமேட்டரில் ஓட்டை விழுந்தது, அடுத்திருந்த எவர்சில்வர்க் கொலிமேட்டரில் நீளமாகப் பள்ளம் உழுதது. காந்தம் சூடேறுவதைக் கண்காணித்த கருவி வினாடிக்கு 60 தடவைதான் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பார்வைக்கு நடுவே கற்றை 800 சுற்று சுற்றியிருக்கும். அப்புறம் அதை வேகமாக்கினார்கள். ஆனால் கவனியுங்கள், கொலிமேட்டர் போனதே தவிர, அந்தப் பள்ளம் காந்தத்தின் வயிற்றில் விழவில்லை.

சூப்பர் கேஇகேபியிலும் திடீர் இழப்புகள் கொலிமேட்டர் தலைகளைப் பெயர்த்திருக்கின்றன. பெயர்ந்த முனை சொரசொரப்பானால் பின்னணிக் கதிர்வீச்சு கூடுகிறது. சுரங்கத்தில் போய் மாற்ற வேண்டும், அது கதிர்வீச்சு அடங்கிய பிறகே முடியும். கனமான உலோகத்துக்குப் பதிலாகக் கார்பன் மாதிரி லேசான பொருளில் செய்தால் அடியைத் தாங்கும், ஆனால் அதே அளவு தடுக்க நீளம் அதிகம் வேண்டும். நீளம் கூடினால், அல்லது இடுக்கு குறுகினால், ஓடும் கற்றையே தன் மின்புலத்தால் தன்னைக் குலைத்துக்கொள்ளும். இடுக்கை அகலமாக வைத்தபடியே வேலை வாங்க, இருபக்கமும் ஒரு ஜோடி அறுமுனைக் காந்தம் வைத்து நேர்கோடற்ற கொலிமேட்டர் என்று ஒன்றையும் அங்கே பொருத்தினார்கள். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அதை விளக்கப் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

காரணத்தைப் பார்ப்பது

மூன்றாம் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கற்றை மோதும்வரை காத்திருக்காமல், மோதவைக்கப் போகும் காரணத்தைக் கண்காணிப்பது. எல்எச்சியில் சாதாரண செம்புக் கம்பிக் காந்தங்கள் சில இருக்கின்றன. அவற்றின் மின்வழங்கி நின்றால் கற்றை வெகு சீக்கிரம் விலகும். அதனால் காந்த மின்னோட்டம் சற்று அசைந்ததுமே கற்றையைக் கொட்டச் சொல்லும் கருவி வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டெசி ஆய்வகத்தில் ஹெரா முடுக்கிக்காக உருவானது அது. இழப்பு உணர்விகள் கண்ணைத் திறப்பதற்கு முன்பே இது கூவிவிடும்.

இதன் சகோதரன் நம் வீட்டிலேயே இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபி என்ன செய்கிறது? போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லிஆம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். 2025 ஜூலை 1-க்குள் பழைய வீடுகள் உட்பட எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று இங்கே விதி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி வேண்டா வெறுப்பாகப் போட்டார், இப்போது பழைய அரைவை இயந்திரம் ஓடினால் டிரிப் ஆகிறது என்று என்னைத்தான் திட்டுகிறார். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் உள்ள எஸ்என்எஸ் நேர்கோட்டு முடுக்கியில் இதே வேலையைக் கற்றைக்குச் செய்கிறார்கள். இரண்டு இடத்தில் கற்றை மின்னோட்டத்தை அளந்து, வித்தியாசம் வந்தால் நிறுத்துகிறார்கள். நேர்கோட்டு முடுக்கிக்கு இது அருமையான பொருத்தம், ஏனென்றால் மூலத்தை அணைத்தால் குழாயில் இருக்கிற மிச்சம்தான் வரும்.

நம் வளையத்துக்கு? காந்த மின்னோட்டத்தில் எந்த அசைவும் இல்லாமல்தான் இழப்பு வருகிறது என்று கேள்வித்தாளே சொல்கிறது. கற்றையின் அசைவைச் சுற்றுக்குச் சுற்று பதிவு செய்து பார்த்தால்கூடக் கடைசி ஓரிரு சுற்றுவரை ஒன்றும் தெரிவதில்லை. கூவ வேண்டியவனுக்கே விஷயம் தெரியாதபோது அவனுக்கு எதற்குச் சம்பளம்? அடித்துவிடு என்றேன். அடித்தாள்.

துடைப்பம்

நான்காம் வழியைக் கேள்வித்தாளில் கடைசியாக, ஏதோ ஒப்புக்குச் சேர்த்த மாதிரி எழுதியிருந்தார்கள்: குழாயைச் சுத்தம் செய்வது. அவளும் அதைத் தாண்டிப் போய்விட்டாள். என் பந்தயம் இதன் மேல்தான்.

சூப்பர் கேஇகேபியில் வருடக்கணக்காக இந்த இழப்புகளுக்குக் காரணம் புரியவில்லை. சூடான நுண்துகள் ஒன்று உலோகப் பரப்பைத் தொட்டு வெற்றிடத்தில் மின்பொறி கிளப்புகிறது என்றொரு கருத்து இருந்தது. துப்பு வேறு பக்கமிருந்து வந்தது. இழப்பு நடந்த அதே நேரத்தில் குழாயின் சில பகுதிகளில் வெற்றிட அழுத்தம் திடீரென்று எகிறியிருந்தது. அந்த இடங்களில் குழாயை வெளியிலிருந்து கருவியால் தட்டிப் பார்த்தார்கள், கற்றை ஓடும்போதே. தட்டினால் தூசு விழும், அழுத்தம் எகிறும். 2024-ல் குழாயைத் திறந்தபோது, கற்றையை நெளியவைக்கும் விக்லர் காந்தப் பகுதிகளின் இணைப்புகளில் கறுப்புக் கறை. கசிவை அடைக்கப் பூசிய வெற்றிடப் பசை உள்ளே போயிருக்கிறது. சுத்தம் செய்த பகுதிகளில் தொந்தரவு குறைந்தது.

அதே 2024-ன் முதல் பாதியில் இரண்டு பெரிய இழப்புகள் பெல் 2-வின் பிக்சல் உணர்வியில் ஒரு சிறு பகுதியைப் பழுதாக்கின. மேலும் சேதம் வேண்டாமென்று அதை அணைத்தே வைத்தார்கள். கற்றை மோதும் இடத்துக்கு மிக அருகில், மிகவும் பாடுபட்டுச் செய்த கருவி, சும்மா உட்கார்ந்திருந்தது. எல்லாம் ஒட்டுப் பசையின் வேலையாக இருக்கலாம்.

எல்எச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2017-ல் குளிரூட்டும் சமயத்தில் தவறுதலாகக் கொஞ்சம் காற்று ஓரிடத்தில் குழாய்க்குள் போய், 1.9 கெல்வினில் உறைந்துவிட்டது. 16எல்2 என்பது அந்த இடத்தின் பெயர். அந்த உறைந்த துணுக்குகளால் அந்த வருடம் 60-க்கும் மேற்பட்ட தடவை கற்றையைக் கொட்ட வேண்டியிருந்தது. கற்றைத் துணுக்குகளை ஓட்டும் வரிசையை மாற்றி ஓரளவு சமாளித்தார்கள். ஆண்டு இறுதியில் அந்தப் பகுதியைச் சூடாக்கிக் காற்றை வெளியே எடுத்தார்கள். இத்தனைக்கும் டிரிப் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வேலை செய்தது. ஒழுங்காக வேலை செய்யும் டிரிப் இருந்தும் ஒரு வருடம் பாடாய்ப் படுத்தியது.

எங்கள் புளோக்கில் ஒரு தம்பி உட்லண்ட்ஸில் வேஃபர் ஃபேப்பில், அதாவது மின்னணுச் சில்லு ஆலையில், வேலை செய்கிறார். தொழிற்சாலைக்குள் நுழைய உடம்பு முழுக்க மூடும் உடை, காற்றுக் குளியல், பென்சில் கூடக் கொண்டுபோக முடியாது. தூசுதான் எதிரி என்று அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். முடுக்கிக் குழாயைக் கட்டுபவர்கள் சுத்தம் பார்க்காதவர்கள் என்று சொல்லவில்லை, வெற்றிடக்காரர்கள் எங்களைவிட நூறு மடங்கு சுத்தம். ஆனால் கசிவை நிறுத்தப் பசை பூசும் நேரத்தில், அந்தப் பசை பல வருடம் கழித்துக் கற்றைக்குள் விழும் என்று யாருக்குத் தோன்றும்?

துடைப்பத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். குழாயைத் திறக்க மாதக் கணக்கில் நிறுத்த வேண்டும். திறப்பதே புதுத் தூசை உள்ளே விடும் வாய்ப்பு, நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு எல்எச்சியில் யூஎஃப்ஓ எண்ணிக்கை கூடிப் பிறகு ஓட ஓடத்தான் குறைந்தது. எங்கே துடைப்பது என்று தெரியாமல் 3 கி.மீ.யையும் துடைக்க முடியாது. அதனால்தான் டிரிப்பை நான் முழுவதும் தள்ளவில்லை. நேரத்துக்குக் காப்பாற்றாவிட்டாலும், எந்த உணர்வி முதலில் பார்த்தது, எந்த இடத்தில் அழுத்தம் எகிறியது என்று சொல்லும் சாட்சி அதுதான். எல்எச்சியில் ஒவ்வொரு தடவை கற்றையைக் கொட்டிய பிறகும் அந்தப் பதிவுகளை அலசி, எல்லாம் சரியாக இயங்கியதா என்று பார்த்த பிறகே அடுத்த கற்றைக்கு அனுமதி. போஸ்ட் மார்ட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எந்த இரண்டு?

இழப்புக்கு ஆகும் நேரம் டிரிப் நேரத்தைப் போலப் பல மடங்கு என்றால், யோசிக்காமல் டிரிப்பில் போடலாம். ஏதாவது ஒரு காந்தமோ மின்வழங்கியோ காரணம் என்று தெரிந்தால் அதன் மேல் ஒரு கண் வைப்பது மலிவு. நம் கணக்கு இரண்டிலும் சேரவில்லை. இழப்பும் டிரிப்பும் ஒரே சமயத்தில் முடிகின்றன, காரணம் காந்தத்தில் இல்லை. எனவே என் தேர்வு துடைப்பமும் சுவரும். சுவர் என்றால் என்றும் அழியாத சுவரைத் தேட வேண்டாம். பலிகொடுக்கவென்றே ஒரு கொலிமேட்டரை மோதல் இடத்துக்குத் தொலைவில், தலையைச் சீக்கிரம் மாற்றும்படி வைத்து, உதிரித் தலைகளைக் கையிருப்பில் வைத்திருப்பது போதும். ஜூரோங் தீவில் வெடிப்புத் தகடு என்று ஒன்று போடுவோம். அழுத்தம் ஏறினால் கிழியவே செய்தது, கிழிந்தால் அரை நாளில் மாற்றிவிடலாம். அது கிழிந்ததற்காக யாரும் அழுததில்லை.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "துடைப்பம் சரி மாமா. ஆனால் காரணம் தூசு என்று கேள்வியில் சொல்லவே இல்லையே. எங்கே துடைப்பீர்கள்? முதலில் சாட்சி வேண்டும், சாட்சிக்கு வேகமான உணர்விகள் வேண்டும். அதனால் டிரிப்பும் துடைப்பமும். சுவர் ஏற்கெனவே வளையத்தில் இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டாம்."

கொஞ்சம் யோசித்தேன். கடைசி வாக்கியம் என்னை மடக்கிவிட்டது. இந்த அளவு மோதல் வளையம் கொலிமேட்டர் இல்லாமல் ஓடாது, இருப்பதைப் பலிகொடுத்துக் கொஞ்ச காலம் தள்ளலாம். என் பட்டியலில் அதற்கென்று தனிப் பணம் கேட்டது பழைய ஆலைப் பழக்கம். ஆனால் உதிரித் தலைகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அதை அவள் யோசிக்கவில்லை. தாளின் ஓரத்தில் 'தலை எத்தனை, மாற்ற எத்தனை நாள்' என்று எழுதிக்கொண்டாள். கருத்தரங்கு வியாழக்கிழமை. தே பெங்கில் ஐஸ் கரைந்து தண்ணீராகியிருந்தது, இன்னொன்று சொல்லப் போனாள்.